குழந்தையின் சொல்லுக்குச் சட்டம் செவிசாய்த்த வரலாறு

ஒரு குழந்தைக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைக்குப் பெரும்பாலும் அக்குழந்தை ஒன்றே சாட்சி. அந்தச் சாட்சியின் சொல்லைக் கேட்கும் முறையைக் கற்றுக்கொள்ள நம் நாட்டுச் சட்டத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், சிறுமியரின் பாதுகாப்புக்குப் பத்து வயதை எல்லையாக வைத்தது. வயதில் மிக மூத்த கணவனின் வன்செயலால் இறந்த புல்மோனி என்னும் வங்கச் சிறுமியின் வழக்கு 1890இல் கல்கத்தாவில் விசாரிக்கப்பட்டது. அவள் பத்து வயதைக் கடந்திருந்ததால் வன்புணர்ச்சிக் குற்றம் பொருந்தாது என்றாயிற்று. கணவன் பெற்ற தண்டனை ஓராண்டுச் சிறை மட்டுமே. அதன்பின் எழுந்த கொந்தளிப்பில், 1891இல் அந்த எல்லை பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. ஆண் குழந்தைகளையோ வன்புணர்ச்சிப் பிரிவு கருதவே இல்லை.

குழந்தை சாட்சி சொல்ல வயது தடையன்று என்பதை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே ஏற்றிருந்தது. ஆயினும் கொடுமை செய்தவன் எதிரே நிற்க, வழக்கறிஞரின் கடுங்கேள்விகளுக்கு நடுவே ஒரு பிஞ்சு எவ்வாறு வாய் திறக்கும்? 2004இல் சாக்ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி கண்டது. குழந்தைக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே திரையிடலாம் என்றது. குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் தந்து, அவர் வழியாகவே கேட்க வேண்டும் என்றது.

2007இல் நடுவண் அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகக் கூறியிருந்தனர். இழைத்தவர்களில் பலர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள்.

2012 நவம்பர் 14 அன்று போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் அது காக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அலுவலர் பதிவு செய்ய வேண்டும்; கூடியவரை அவர் பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை மூடிய அறையில், குழந்தை நம்புவோர் உடனிருக்க நடைபெறும். ஓராண்டுக்குள் முடிய வேண்டிய வழக்குகள் நீண்டுகொண்டே போவது இன்றும் தீராத குறை.

இத்தனை கதவுகள் திறந்த பின்னும் வழக்கு நீதிமன்றத்தை எட்டாமல் நின்றுவிடுவதுண்டு. நின்றுவிடும் இடம் பெரும்பாலும் நம் வீட்டு வாசற்படி. "வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும்", "ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்கிறோம். குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமலிருப்பது போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. தம் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பள்ளிக்கூடமானாலும் மதரஸாவானாலும் விதி ஒன்றே.

நமக்கு இது புதிய கட்டளையுமன்று. பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருப்பினும் நீதியின் பக்கம் நின்று சாட்சி பகருமாறு திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் நம்மைப் பணிக்கிறது. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்ல வரும்போது அதட்டாமல் கேட்போம், நம்புவோம், திரும்பத் திரும்பச் சொல்லச் செய்து வதைக்காதிருப்போம். உடனே காவல்துறையை நாடுவோம், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைப்போம்.