மண்ணின் விறைப்பு: உள்ளீடா, முன்கணிப்பா? மிட்லண்ட் அணுமின் நிலைய அடித்தளத் தாங்கல் பணியை முன்வைத்து

சுருக்கம்

கட்டி எழுப்பிய கட்டடத்தின் அடியில் தோண்டிப் புதிய தாங்கிகளை நிறுத்தும் அடித்தளத் தாங்கல் பணியில், அடிமண்ணின் விறைப்பு எவ்வளவு என்று முன்கூட்டி எடுத்துக்கொள்ளும் எண்ணே பெரும்பாலான கணக்குகளைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மிட்லண்ட் அணுமின் நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை மூன்று கருத்துகளை நிறுவ முயல்கிறது. விறைப்பு மண்ணுக்கு மட்டும் உரிய பண்பன்று. அடித்தளத் தாங்கலில் எல்லா உறுப்புகளுக்கும் ஒருசேரப் பாதுகாப்பான விறைப்பு மதிப்பு என்று ஒன்று கிடையாது. ஆகவே அம்மதிப்பை ஒவ்வொரு பணிக்கட்டத்திலும் சோதித்துப் பார்க்க வேண்டிய முன்கணிப்பாகவே ஆவணத்தில் பதிய வேண்டும்.

1. மிட்லண்டில் நேர்ந்தது

டிட்டபவாஸ்ஸி ஆற்றங்கரையில் இரண்டு அழுத்த நீர் உலைகளை நிறுவ கன்ஸ்யூமர்ஸ் பவர் நிறுவனத்துக்கு 1972 டிசம்பரில் கட்டுமான அனுமதி கிடைத்தது. வடிவமைப்பும் கட்டுமானமும் பெக்டெல் நிறுவனத்தின் பொறுப்பு. தாழ்வான நிலத்தை மண் கொட்டி உயர்த்தி, அந்த நிரப்பு மண்ணின்மீது சில கட்டடங்களை முழுதாகவும் சிலவற்றைப் பகுதியாகவும் எழுப்பினார்கள். நிர்வாகக் கட்டடம் 1977இலேயே அமிழத் தொடங்கியிருந்தது. 1978இல் டீசல் மின்னாக்கிக் கட்டடம், வேலை முடிவதற்கு முன்பே, அதன் ஆயுட்காலம் முழுமைக்கும் கணித்திருந்த அமிழ்வைத் தாண்டிவிட்டது. அதன் கீழே சுமார் 30 அடி ஆழத்துக்கு நிரப்பு மண். தேவையான இறுக்கம் எட்டப்பட்டதாகச் சொல்லும் சோதனைப் பதிவுகள் கோப்பில் இருந்தன. தரையில் அந்த இறுக்கம் இல்லை.

அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணையில் வெளிவந்த இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையவை. முதலாவது, நிறுவனத்தின் பாதுகாப்பு அறிக்கை டீசல் கட்டடத்தின் கீழ் இருப்பது கட்டுப்பாட்டுடன் இறுக்கிய களிமண் நிரப்பு என்றது. உண்மையில் அங்கே இருந்தது கலவையான நிரப்பு. இரண்டாவது, அமிழ்வுக் கணக்கு ஒரே பாளமாகப் பரந்த ராஃப்ட் அஸ்திவாரத்துக்குப் போடப்பட்டிருந்தது. கட்டியதோ சுவர்களுக்கு அடியில் நீளும் பட்டை அஸ்திவாரம். மண்ணும் வேறு, அதன்மேல் சுமை இறங்கும் வடிவமும் வேறு. இப்படிப் பார்த்தால் கணக்கில் இருந்த விறைப்பு எண் அந்த இடத்துக்கு உரியதாகவே இல்லை.

டீசல் கட்டடத்துக்குள் ஏறிவரும் மின்வடக் குழாய்த் தொகுதிகள் மேலும் ஒரு பாடம் தந்தன. கான்கிரீட்டில் பொதிந்த அத்தொகுதிகள் கட்டடத்தோடு சேர்ந்து அமிழாமல் அதைக் கீழிருந்து முட்டி நிறுத்தின. இதனால் அமிழ்வு சீரற்றுப் போய்ச் சுவர்களில் விரிசல் கண்டது. 1978இன் பிற்பகுதியில் அவற்றைக் கட்டடத்திலிருந்து துண்டித்து விட்டார்கள். வரைபடத்தில் மின்வடப் பாதை என்று மட்டும் குறித்திருந்த ஒன்று களத்தில் மிக விறைப்பான தாங்கியாக வேலை செய்திருக்கிறது.

துணைக் கட்டடத்தின் நிலை இதைவிடச் சிக்கலானது. அதன் முதன்மைப் பகுதி பனியாறு விட்டுச்சென்ற இயற்கைப் படிவின்மேல் நின்றது. அப்படிவு இறுகிக் கெட்டியானது. கட்டுப்பாட்டுக் கோபுரமும் இருபுறச் சிறகுகளும் நிரப்பு மண்ணின்மேல் நின்றன. எல்லாம் ஒரே கான்கிரீட் உடல். நிரப்பு அமிழ அமிழச் சிறகுகள் மண்ணில் ஊன்றுவதை விட்டு முதன்மைப் பகுதியைப் பற்றித் தொங்கும் நிலைக்கு நகர்ந்தன. குளிர்நீர் எக்கிக் கட்டடத்தின் வடபகுதிக்கும் இதே இக்கட்டு. உலையைக் கட்டுப்படுத்தும் அறை, மின்சாரம் போனால் எழ வேண்டிய டீசல் மின்னாக்கி, உலையின் வெப்பத்தை அகற்றும் நீர் எக்கி ஆகிய மூன்றும் விபத்து நேரத்தில் கடைசிவரை நின்றாக வேண்டியவை. எனவே இங்கே விறைப்பு பற்றிய கேள்வி மக்கள் பாதுகாப்பு பற்றிய கேள்வியும் ஆகும்.

2. ஒரே மண், பல விறைப்புகள்

அஸ்திவாரத்தைத் தனித்தனிச் சுருள்வில்கள் தாங்குவதாகக் கொள்ளும் மாதிரி விங்க்லரிடமிருந்து 1867இல் வந்தது. கையாள எளிது என்பதால் இன்றும் கட்டமைப்புப் பொறியாளரின் கணினியில் அதுவே இருக்கிறது. அந்த வில்லின் எண்ணை, அதாவது அடிமண் எதிர்வினைக் குணகத்தை, மண்ணின் நிலையான பண்பாகக் கொள்ளக் கூடாது என்று மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி 1955இலேயே விளக்கினார். முதல் காரணி அகலம். ஓர் அடி அகலத் தகட்டில் அளந்த மதிப்பு, கெட்டியான களிமண்ணில் அஸ்திவார அகலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது. 30 அடி அகலப் பாளத்துக்கு அது முப்பதில் ஒரு பங்கு. மணலில் அது நான்கில் ஒரு பங்கை நோக்கித்தான் இறங்கும். ராஃப்டுக்குப் போட்ட கணக்கைப் பட்டை அஸ்திவாரத்துக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

திரிபின் அளவு இரண்டாவது காரணி. ஒரு கன மீட்டருக்கு 2,000 கிலோ அடர்த்தியும் நொடிக்கு 300 மீட்டர் சறுக்கு அலை வேகமும் உள்ள மண்ணின் சறுக்கு விறைப்புக் குணகம் 180 மெகாபாஸ்கல் என்று வரும். இது பத்து லட்சத்தில் ஒரு பங்குத் திரிபில் கிடைக்கும் மதிப்பு. தோண்டும்போதும் சுமை மாற்றும்போதும் தாங்கியின் அடியில் திரிபு 0.1 விழுக்காட்டை எட்டலாம். அந்நிலையில் மணலின் குணகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். களிமண்ணில் இவ்வீழ்ச்சி அதன் குழைமத் தன்மையைப் பொறுத்து மாறும்.

காலம் மூன்றாவது காரணி. ஈரக் களிமண் சுமை ஏறியதும் நீரைப் பிழிந்து மெல்ல இறுகுகிறது. நீர் அழுத்தம் தணிந்த பின்னும் இரண்டாம் நிலை அமுக்கம் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. நில அதிர்வின் சில நொடிகளுக்கும் நிலையத்தின் நாற்பது ஆண்டுகளுக்கும் ஒரே எண் பொருந்தாது.

சுமை வரலாறு நான்காவது. முன்பு தாங்கிய சுமைக்குள் மண் விறைப்பாக நடந்துகொள்ளும். அதைத் தாண்டினால் இளகும். அடித்தளத் தாங்கலில் பக்கத்தில் தோண்டுவது மண்ணின் சுமையை இறக்குகிறது, தாங்கியின் தலையில் வைக்கும் ஜாக்கி அதை மீண்டும் ஏற்றுகிறது. வேலையே மண்ணின் விறைப்பை மாற்றிக்கொண்டிருக்கிறது. விங்க்லர் வில்கள் ஒன்றின் பாதிப்பை இன்னொன்றுக்குக் கடத்துவதில்லை. ஆகையால் ஒரு குழி தோண்டினால் அடுத்த தாங்கியின் கீழ்மண் தளர்வதை அவை காட்டுவதில்லை.

3. பாதுகாப்பான பக்கம் எது?

பொறியியலில் ஐயம் வந்தால் பாதுகாப்பான பக்கம் சாய்வது மரபு. அடித்தளத் தாங்கலில் அந்தப் பக்கம் எது என்பதே உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது.

அடியில் புதிய தாங்கிகளை நிறுத்தத் திட்டமிட்ட துணைக் கட்டடத்தின் சிறகையே எடுத்துக்கொள்வோம். நிரப்பு மண் விறைப்பானது என்று கொண்டால், சிறகின் எடை மண்ணில் இறங்குவதாகவும் இணைப்புச் சுவரில் வளைவுத் தகைவு சிறிதாகவும் கணக்கு சொல்லும். உண்மையில் மண் இளகியிருந்தால் அந்த இணைப்பே ஆபத்தில் இருக்கிறது. ஆகவே இணைப்பைச் சரிபார்க்க மென்மையான மண் என்று கொள்வதே பாதுகாப்பு. புதிய தாங்கியின் கீழுள்ள இயற்கைப் படிவும் மென்மையானது என்று கொண்டாலோ, தாங்கி ஏற்கும் சுமை குறைவாகத் தெரியும். தாங்கியின் அடி அழுத்தத்துக்கும் அதன் தலையில் உள்ள கான்கிரீட்டுக்கும் அது பாதுகாப்பற்ற கணக்கு. அப்படிவு விறைப்பானது என்று கொண்டால் நிலை தலைகீழாகும். இதோடு, ஜாக்கியில் தேவைக்கு மேல் சுமை ஏற்றினால் சிறகு மேல்நோக்கித் தள்ளப்பட்டு, கம்பி குறைவாக உள்ள எதிர்முகத்தில் விரிசல் விழக்கூடும்.

நில அதிர்வுக் கணக்கில் இச்சிக்கலுக்கு ஒரு மரபு உண்டு. சிறந்த மதிப்பீட்டோடு அதன் இரு மடங்கையும் பாதியையும் எடுத்து மூன்று முறை கணக்கிடுகிறார்கள். மண்ணாய்வுத் தரவு நன்றாக இருந்தால் இடைவெளியைக் குறைத்துக்கொள்ள இடம் தருகிறார்கள். அதிர்வுக்கு இது நல்ல மரபு. அடித்தளத் தாங்கலுக்கு அது போதாது; எல்லாத் தாங்கிகளின் கீழும் மண்ணை ஒருசேர விறைப்பாக்கினாலும் இளக்கினாலும் தாங்கிகளுக்கு இடையிலான விகிதம் மாறுவதில்லை. மண் கட்டமைப்பைச் சிதைப்பது அந்த விகிதத்தின் வழியாகத்தான். நிரப்பு மென்மையாகவும் படிவு விறைப்பாகவும், பிறகு ஒரு சிறகு மட்டும் மென்மையாகவும் என விகிதங்களைக் கலைத்துப் பார்த்தால்தான் மோசமான நிலை தெரியவரும்.

4. ஜாக்கி தீர்ப்பதும் தீர்க்காததும்

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு: தாங்கியின் தலையில் நீரழுத்த ஜாக்கி வைத்து வேண்டிய சுமையை நேரடியாக ஏற்றும்போது, சுமை என்பது அளந்து அறிந்த எண்ணாகிவிடுகிறது, பிறகு விறைப்பு பற்றிய ஊகம் எதற்கு?

ஜாக்கி நிற்கும் வரை இவ்வாதம் சரி. ஆப்பு செருகிச் சிமெண்ட் கலவை நிரப்பி ஜாக்கியை அகற்றிய நொடியில் விறைப்பு மீண்டும் கணக்குக்குள் வருகிறது. ஓர் எளிய கணக்கு: தாங்கி 400 டன் சுமையில் பூட்டப்படுகிறது. அவ்விடத்தில் கட்டமைப்பின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 50 டன், மண்ணின் மீள்விறைப்பு மில்லிமீட்டருக்கு 150 டன் என்று கொள்வோம். பூட்டிய பின் மண் 3 மில்லிமீட்டர் மெல்ல அமுங்கினால் தாங்கி இழக்கும் சுமை சுமார் 112 டன், அதாவது கால் பங்குக்கும் மேல். அந்தச் சுமை மறைவதில்லை. எந்த இணைப்பைக் காப்பாற்றத் தாங்கி வந்ததோ அதே இணைப்புக்குத் திரும்புகிறது. அமிழ்வின் வேகம் தணியும் வரை ஜாக்கியைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற விதியின் பொருள் இதுதான். எத்தனை நாள் பிடித்து வைப்பது என்ற முடிவும் காலம் சார்ந்த விறைப்பு பற்றிய முன்கணிப்பே.

5. நேரடி அளவீடா, மாதிரிச் சோதனையா?

டீசல் கட்டடத்துக்கு வேறொரு வழி தெரிவு செய்யப்பட்டது. 1979 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை உள்ளும் புறமும் சுமார் 20 அடி உயரத்துக்கு மணல் குவித்து மண்ணை அமுக்கினார்கள். நிறுவனத்தின் ஆலோசகர்களில் ஒருவரான ரால்ஃப் பெக்கின் நிலைப்பாடு தெளிவானது: கலவையான நிரப்பில் சில மாதிரிகளைத் தோண்டி எடுத்துச் சோதிப்பதைவிட, மண் முழுவதும் உண்மைச் சுமைக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று அளப்பதே நம்பகமானது. ஒழுங்குமுறை ஆணையமும் அதன் ஆலோசகரான அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையும் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றன. தொடக்கத்தில் இசையாத நிறுவனம் பின்னர் அதைச் செய்தது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நிலையான சுமையில் நீண்டகால அமிழ்வை அறிய பெக்கின் வழி மேலானது என்றே கருதுகிறேன். மாதிரி எடுக்கும்போதே மண் கலைந்துவிடும், கலவையான நிரப்பில் நான்கு துளைகள் நாற்பது இடங்களுக்குப் பேசாது. ஆனால் மணல் சுமை ஒரு கேள்விக்கே விடை தந்தது. தளர்ந்த மணல் பகுதிகள் அதிர்வில் நீர்மமாகுமா என்பதற்கு அதில் விடை இல்லை. அதனால்தான் நிலத்தடி நீரை நிரந்தரமாக இறக்கி வைக்கும் கிணறுகளும் திட்டத்தில் சேர்ந்தன. ஒரு விறைப்பை அளந்ததால் மற்ற விறைப்புகளும் அறியப்பட்டுவிட்டன என்று கொள்ள முடியாது.

1969ஆம் ஆண்டு ராங்கின் சொற்பொழிவில் பெக், களத்தில் அளந்தபடியே வடிவமைப்பைத் திருத்திச் செல்லும் தமது கவனிப்பு முறைக்கு ஓர் எல்லை வகுத்திருந்தார்: வேலையின் நடுவில் வடிவமைப்பை மாற்ற வழியில்லை என்றால் அம்முறையைப் பயன்படுத்தக் கூடாது. அடித்தளத் தாங்கலுக்கு இந்த எல்லை மிக முக்கியம். பத்தாவது குழியைத் தோண்டிய பின் மண் எதிர்பார்த்ததைவிட இளகியது என்று தெரிந்தால், பதினொன்றாவதை நிறுத்தவும் வரிசையை மாற்றவும் சுமையைக் கூட்டவும் வழி முன்பே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். அத்தகைய வழி இல்லாத இடத்தில் அளவுமானிகள் நிகழ்ந்த சேதத்தைப் பதிவு செய்வதோடு நின்றுவிடும்.

6. முன்மொழிவு

இவற்றிலிருந்து நான்கு நடைமுறைகள் தேவை என்று வாதிடுகிறேன்.

முதலாவது, வடிவமைப்பு ஆவணத்தில் விறைப்பை ஒற்றை எண்ணாக எழுதக் கூடாது. தோண்டும் கட்டம், ஜாக்கிக் கட்டம், நீண்டகாலம், அதிர்வு என நான்குக்கும் தனித்தனியாக, எந்தத் திரிபுக்கும் எந்த அஸ்திவார அகலத்துக்கும் உரியது என்ற குறிப்போடு எழுத வேண்டும். இரண்டாவது, தாங்கிகளுக்கு இடையிலான விறைப்பு விகிதத்தைக் கலைத்துப் பார்க்கும் கணக்கு கட்டாயமாக வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு தாங்கியும் ஜாக்கியின்கீழ் எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பதை வேலைக்கு முன்பே எழுதி ஒழுங்குமுறை அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். எந்த அளவு தாண்டினால் வேலை நிற்கும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். நான்காவது, முதல் சில தாங்கிகளின் அளவீட்டைக் கொண்டு விறைப்பைத் திருத்தி, மீதமுள்ள கணக்கு முழுவதையும் மறுபடி போட்ட பின்பே வேலை தொடர வேண்டும்.

இதனால் காலம் கூடும், செலவும் கூடும் என்பார்கள். கூடும்தான். மிட்லண்டில் துணைக் கட்டடத்தின் தாங்கல் பணி 1982இன் இறுதியில்தான் தொடங்கியது. 1984 ஜூலையில், ஏறத்தாழ 85 விழுக்காடு முடிந்த நிலையில், திட்டமே கைவிடப்பட்டது. பின்னர் அவ்வளாகம் எரிவாயு மின்நிலையமாக மாறி 1990இல் இயங்கத் தொடங்கியது. செலவுப் பெருக்கம், நீராவி வாங்குவதாக ஒப்பந்தம் செய்திருந்த டோ கெமிக்கல் விலகியது எனக் காரணங்கள் பல. மண்ணை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையன்று. ஆனால் 1977இல் நிர்வாகக் கட்டடம் அமிழ்ந்தபோது, கோப்பில் இருந்த விறைப்பு ஒரு முன்கணிப்பாக எழுதப்பட்டிருந்தால், அது பொய்த்ததை அன்றே யாரேனும் சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். உள்ளீடாக இருந்ததால் அதைக் கேள்வி கேட்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. அந்தக் கடமையை ஆவணத்திலேயே எழுதிவைப்பது, அணுமின் நிலையத்தின் அருகே வாழும் மக்களுக்குப் பொறியாளர் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன்.