குறிப்பேட்டில் ஒரு வரி

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில், அந்நாட்டுக் கடற்படைக்காக நிர்மாணித்த மார்க் 2 என்னும் கணித யந்திரத்தைப் பரீட்சித்துக் கொண்டிருந்தவர்கள், அன்றைய நிகழ்ச்சிகளை நேரவாரியாகக் குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். பிற்பகல் 3.25-க்குக் கூட்டல் பரீட்சை ஆரம்பம் என்று ஒரு வரி, 3.45-க்கு, ‘எஃப்’ பலகையின் 70-ஆம் ரிலேயில் அந்துப்பூச்சி என்று அடுத்த வரி. அந்தப் பூச்சியையும் அதே பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள். ஏடு இன்று ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது.

பூச்சி உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது. ஆயினும் அந்த வரிகளின் அமைப்பே எனக்குப் பேராச்சரியம் தருவது. எந்த நேரம், எந்தப் பரீட்சை, எந்த ஸ்தானம் என்னும் மூன்று விவரங்களும் அவற்றிலேயே அடங்கியிருப்பதால், எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் படிப்பவனும் யாரையும் விசாரிக்காமல் சம்பவத்தை அறிந்துகொள்கிறான்.

பிற்காலத்தில் யந்திரங்கள் தாமே தங்கள் குறிப்புகளை எழுதத் தொடங்கின. 1980-களில், பெர்க்லி சர்வகலாசாலையில் எரிக் ஆல்மன் தமது செண்ட்மெயில் புரோகிராமுக்காகச் செய்த ஸிஸ்லாக், செய்திகளை அவற்றின் தீவிரத்தை ஒட்டித் தரம் பிரித்தது. எட்டுத் தரங்களில் கடைசியானது டீபக். 2009-இல் வெளியான அதன் புதிய நியமம், காலம், யந்திரத்தின் பெயர், புரோகிராமின் பெயர், பிராசஸ் எண் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வரியில் தனியிடம் வகுத்தது.

எனினும், நூற்றுக்கணக்கான டெஸ்டுகள் ஏககாலத்தில் ஓடி, ஒரே லாக் ஃபைலில் எழுதும்போது, ஒன்றின் வரிகளோடு மற்றொன்றின் வரிகள் கலந்துவிடுகின்றன. அங்கே ‘இதுவரை வந்தாயிற்று’ என்ற வரியும், ‘மதிப்பு 0’ என்ற வரியும் யாருடையவை என்று சொல்ல ஒருவராலும் இயலாது. இதற்குப் பரிகாரமாக, ஜாவா புரோகிராமர்களின் லாக்ஃபோர்ஜே என்னும் சாதனம், ஒவ்வொரு திரெட்டிலும் ஓர் அடையாளத்தை ஒருமுறை பதித்துவிட்டால் அந்தத் திரெட் எழுதும் வரிகளிலெல்லாம் அது தோன்றும்படி செய்தது. கூகுள் 2010-இல் வெளியிட்ட டாப்பர் ஆய்வுரை, பல யந்திரங்களைக் கடந்து செல்லும் ஒரு வேண்டுகோளுக்குத் தொடக்கத்திலேயே ஓர் எண்ணைக் கொடுத்து, அது போகுமிடமெல்லாம் உடன் செல்லச் செய்யும் முறையை விவரித்தது.

டெஸ்டின் பெயர், அந்த ஓட்டத்தின் எண், ஃபைலும் வரி எண்ணும், எதிர்பார்த்த மதிப்பு, கிடைத்த மதிப்பு: இவ்வளவும் ஒரு வரிக்கு அதிகம் என்று எண்ணுவோர் உண்டு. எழுதுகிறவனுக்குத் தான் நிற்கும் இடம் தெரியும். தவறு நேர்ந்த பின் ஆயிரம் வரிகளுக்கிடையே அந்த ஒன்றைத் தேடி வருகிறவனுக்கோ, அந்த வரி சொல்வதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அவனை மனத்தில் கொண்டு எழுதுவது புரோகிராமரின் தர்மம்.