இரண்டு ராத்தல் கணக்கு

கப்பலில் உல்லாசப் பிரயாணம் புறப்படுகிறவர்களுக்கு முதல் தலைவலி பெட்டி கட்டுவதுதான். எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிட்டுப் போவது என்று வீட்டில் ஒரு பெரிய சபையே கூடும். அந்த வீட்டில் ஒரு வாத்தியமும், அதை வாசிக்கிறவர் ஒருவரும் இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. "பத்து நாள் வாசிக்காவிட்டால் குடி முழுகிப் போய்விடுமா?" என்று ஒரு கட்சி. "கடலைப் பார்த்துக்கொண்டு வாசிக்காமல் வேறு எங்கே வாசிப்பதாம்?" என்று எதிர்க்கட்சி.

நியாயத்தைச் சொன்னால், முதல் கட்சியின் பக்கம்தான் வாதங்கள் அதிகம். கப்பல் அறை நம் வீட்டுப் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டம். அடுத்த அறைக்காரர் மத்தியானம் தூங்குகிறவராக இருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடற்காற்று. வாத்தியத்துக்கு அதைப் போன்ற விரோதி கிடையாது. ஈரம் பட்டால் தோல் தளரும். கஞ்சிராக்காரர்கள் வேண்டுமென்றே தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவதை மேடையில் பார்த்திருப்பீர்கள். கடல் அந்தக் காரியத்தை யாரும் கேட்காமலே செய்துவிடும். மரம் ஊறும், பசை விடும், தந்தி துருப்பிடிக்கும். ஆகவே, விவேகமுள்ளவர்கள் வாத்தியத்தை உறையில் போட்டுப் பரணில் வைத்துவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும்.

விவேகம் இப்படிச் சொல்கிறது. ஆனால், மூட்டையின் எடையைப் பற்றி வேறு எவரையும்விட அதிகமாக யோசிக்க நேர்ந்த ஒரு மனிதர் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அவருடைய பிரயாணத்தில் உல்லாசம் துளிக்கூட இல்லை. அதனாலேயே அந்தத் தீர்ப்புக்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

அவர் பெயர் எர்னஸ்ட் ஷாக்கில்டன். தென் துருவக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கால்நடையாகக் கடந்துவிட வேண்டும் என்று 1914-ல் 'எண்டுரன்ஸ்' என்ற கப்பலில் கிளம்பினார். கப்பலில் மொத்தம் 28 பேர். அவர்களில் லியோனார்டு ஹஸ்ஸி என்பவர் குள்ளமான, வேடிக்கையாகப் பேசுகிற ஓர் இளைஞர். வானிலை ஆராய்ச்சி அவர் உத்தியோகம். சூடான் தேசத்து வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பத்திரிகையில் இந்த யாத்திரையைப் பற்றிப் படித்துவிட்டு விண்ணப்பம் போட்டவர். கொதிக்கிற பாலைவனத்திலிருந்து ஒருவன் பனிப் பாலைவனத்துக்கு வருகிறேன் என்கிறானே என்று ஷாக்கில்டனுக்குச் சிரிப்பு வந்ததாம். சிரித்துக்கொண்டே வேலையும் கொடுத்தார். ஹஸ்ஸி தம்முடன் ஒரு பாஞ்சோவைக் கொண்டுவந்தார். வட்டமான சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நீளமான கழுத்தில் தந்திகளை முறுக்கிய வாத்தியம் அது. மேதைகளின் வாத்தியம் என்று யாரும் அதைக் கொண்டாடுவதில்லை. சாராயக் கடையிலும் தெருமுனையிலும் கேட்கிற வாத்தியம்.

1914 டிசம்பர் 5-ந் தேதி தெற்கு ஜார்ஜியா தீவை விட்டுப் புறப்பட்ட கப்பல், அடுத்த ஜனவரியில் வெட்டல் கடலின் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அதிலிருந்து பிறகு விடுபடவே இல்லை. சூரியன் உதிக்காத துருவத்து இரவு மாதக்கணக்கில் நீண்டது. அந்த நாட்களில் பாஞ்சோ இருந்தது கேளிக்கைக்காக. ஹஸ்ஸி பனியில் இறங்கிப் பெங்குவின்களுக்குக்கூடக் கச்சேரி செய்திருக்கிறார். சில மெட்டுகளை அவை கௌரவமாக நின்று கேட்டன என்றும், ஸ்காட்லாந்து சங்கீதத்தைத் தொடங்கியதும் பதறி ஓடிவிட்டன என்றும் ஷாக்கில்டன் எழுதி வைத்திருக்கிறார். அவர் அயர்லாந்துக்காரர். அதையும் சேர்த்துக்கொண்டுதான் இந்தச் சாட்சியத்தை எடை போட வேண்டும்.

பிறகு பனிக்கட்டிகள் கப்பலை நெரிக்க ஆரம்பித்தன. கொட்டைப் பாக்கைப் பாக்குவெட்டியில் வைத்த கதைதான். 1915 அக்டோபர் 27-ந் தேதி, கப்பலை விட்டு எல்லோரும் பனியில் இறங்கும்படி உத்தரவாயிற்று. மிதக்கும் பனிப்பரப்பின்மேல் படகுகளை இழுத்துக்கொண்டு நடந்துதான் உயிர் தப்ப வேண்டும். ஆளுக்கு இரண்டு ராத்தல் சொந்தச் சாமான். அதற்கு மேல் எதுவும் கூடாது என்றார் ஷாக்கில்டன். இரண்டு ராத்தல் என்றால் இன்றைய கணக்கில் சுமார் தொள்ளாயிரம் கிராம். நாம் பிரயாணத்துக்கு எடுத்துப்போகும் முறுக்கு டப்பா அதைவிடக் கனக்கும்.

உத்தரவு போட்டவர் முதலில் தாமே வழிகாட்டினார். தம்மிடமிருந்த தங்க நாணயங்களை எடுத்துப் பனியில் எறிந்தார். ராணி அலெக்ஸாண்டிரா கப்பலுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பைபிளையும், இரண்டொரு ஏடுகளை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, பனியில் வைத்துவிட்டார். படக்காரர் ஃபிராங்க் ஹர்லி உயிரைப் பணயம் வைத்து எடுத்த கண்ணாடி நெகடிவ்களில் 120 அளவில் வைத்துக்கொண்டு, சுமார் 400-ஐ உடைத்துப் போட வேண்டியிருந்தது. பிற்பாடு யாருக்கும் சபலம் வரக்கூடாது என்பதற்காக உடைத்தார்கள். நாய்க் குட்டிகளைச் சுட்டார்கள். கப்பல் தச்சர் மக்னீஷிடம் ஒரு பூனை இருந்தது, எல்லோருக்கும் செல்லம். அதையும் சுட்டார்கள். தச்சர் அதற்காகத் தலைவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் பாஞ்சோ என்ன ஆயிற்று? அதன் எடை 12 ராத்தல். ஆறு பேருடைய பங்கு. ஹஸ்ஸியே அதைக் கொண்டுவர நினைக்கவில்லை. கப்பலோடு போகட்டும் என்று விட்டுவிட்டார். அதை மீட்டுவரச் செய்தவர் ஷாக்கில்டன்தான். இது மனசுக்கு அத்தியாவசியமான மருந்து, நமக்கு வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதாக ஹஸ்ஸி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சற்று நின்றுவிடுகிறேன். தங்கத்தை எறிந்தவர், வேதப் புத்தகத்தைப் பனியில் வைத்தவர், வாயில்லா ஜீவனைச் சுடச் சொன்னவர். அந்தக் கை 12 ராத்தல் மரத்தையும் தோலையும் தூக்கிப் படகில் போடுகிறது. இரக்கமில்லாத கணக்கு என்று சொல்லலாம். பூனையின் கட்சியில் நின்று கேட்டால் அதற்குப் பதில் சொல்வதும் கஷ்டம். ஆனால் அது சங்கீதப் பித்தின் காரியம் அல்ல. சாப்பாட்டையும் எண்ணெயையும் எண்ணுகிற அதே கணக்குப் புத்தகத்தில், 28 மனங்களையும் ஒரு சரக்காக எண்ணிப் பார்த்த ஒருவரின் காரியம். உடம்புக்கு மருந்துப்பெட்டி போகிறது; மனசுக்கு எது போகிறது என்று அவர் கேட்டுக்கொண்டார்.

கணக்கு சரியாயிற்றா? 1916 ஏப்ரல் 15-ந் தேதி மூன்று படகுகளும் யானைத் தீவு என்ற பாறையை அடைந்தன. 497 நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர்கள் காலுக்குக் கீழே தரை தட்டுப்பட்டது. பெயரில்தான் யானை, உள்ளே பெங்குவினும் கடல் நாயும் தவிர ஒன்றுமில்லை. உதவி தேடி ஷாக்கில்டன் ஐந்து பேருடன் ஏப்ரல் 24-ந் தேதி ஒரு படகில் கிளம்பிவிட்டார். மிச்சம் 22 பேர் இரண்டு படகுகளைக் கவிழ்த்து, கற்களை முட்டுக்கொடுத்து, அதன் அடியில் குடியேறினார்கள். கொழுப்பு எரிகிற புகை. எழுந்து நிற்க இடமில்லை. ஓர் இளைஞனின் பாதம் பனியில் வெந்து, கால்விரல்களை அங்கேயே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. போனவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது.

அந்தப் படகுக் கூரைக்கு அடியில் சனிக்கிழமை தவறாமல் கச்சேரி நடந்தது. ஹஸ்ஸி பாஞ்சோ வாசிப்பார். ஒவ்வொருவரும் மற்றவரைக் கேலி செய்து பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். கேலி செய்யப்பட்டவன் அடுத்த சனிக்கிழமைக்குப் பதில் பாட்டுத் தயார் செய்ய வேண்டும். கூட்டுக்குடித்தனம் நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மனஸ்தாபத்தை வாய்ச்சண்டையாக விடாமல் பாட்டாக மாற்றிவிட்டால், பாதி விஷம் இறங்கிவிடும். அதோடு, அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று உண்டு என்பதையும் மனசு தானாகவே ஒப்புக்கொள்கிறது. இப்படி 128 நாட்கள். ஆகஸ்டு 30-ந் தேதி, சிலி தேசத்துச் சிறு கப்பல் 'யெல்சோ'வில் ஷாக்கில்டன் திரும்பி வந்தபோது 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். பாஞ்சோதான் பிழைக்க வைத்தது என்று நான் சாதிக்க வரவில்லை. பெங்குவின் மாமிசமும், தலைமை ஏற்றிருந்த ஃபிராங்க் வைல்டின் உறுதியும் பிழைக்க வைத்தன. ஆனால் புத்தி பேதலிக்காமல் பிழைத்தார்கள் அல்லவா? அந்தப் பங்கில் 12 ராத்தலுக்கு ஒரு பாகம் உண்டு.

இது பனியில் அகப்பட்ட கப்பலின் கதை. உல்லாசத்துக்குப் பெயர்போன கப்பலில், இதற்கு மூன்றரை வருஷம் முன்பு, சங்கீதத்தை வேறு விதமாகக் கணக்குப் பார்த்தார்கள். அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஷாக்கில்டனின் தராசு புரியும்.

'டைட்டானிக்' கப்பலில் வாத்தியக்காரர்கள் எட்டுப் பேர். பிடில், செல்லோ, டபுள் பாஸ், பியானோ. முந்நூறுக்கு மேற்பட்ட உருப்படிகளை அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பிரயாணி ஒருவர் புத்தகத்தைப் பார்த்து எண்ணைச் சொன்னால் உடனே வாசிக்க வேண்டும். இவர்களை வேலைக்கு அமர்த்தியது கப்பல் கம்பெனி அல்ல. லிவர்பூலில் இருந்த ஒரு ஏஜென்சி. முன்பு மாதம் ஆறரைப் பவுனாக இருந்த சம்பளத்தை அந்த ஏஜென்சி நாலு பவுனாகக் குறைத்திருந்தது. பிரயாணிகள் பட்டியலில் அவர்கள் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுக்காரர்களாகப் பதிவாகியிருந்தார்கள்.

தலைவர் வாலஸ் ஹார்ட்லிக்கு 33 வயது. அவர் கையில் இருந்த பிடில், நிச்சயதார்த்தத்தின் ஞாபகமாக மரியா ராபின்சன் என்ற பெண் 1910-ல் கொடுத்தது. வெள்ளித் தகட்டில் அதைப் பொறித்துக் கொடுத்திருந்தாள். 1912 ஏப்ரல் 14-ந் தேதி இரவு 11-40-க்குக் கப்பல் பனிமலையில் மோதியது. 2-20-க்கு மூழ்கிற்று. அந்த இடைவேளையில் எட்டுப் பேரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வாசித்தது எந்த உருப்படி என்று தப்பியவர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. வாசித்தார்கள் என்பதில் பேதம் இல்லை. எட்டுப் பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை.

இதுவரை உலகம் முழுவதற்கும் தெரிந்த கதை. அடுத்தது அவ்வளவாகத் தெரியாது. ஜாக் ஹ்யூம் என்ற 21 வயதுப் பிடில்காரரின் தகப்பனாருக்கு, மகன் இறந்து அந்த மாதம் முடிவதற்குள் ஏஜென்சியிடமிருந்து கடிதம் வந்தது. அனுதாபக் கடிதம் அல்ல. பையனின் யூனிபாரக் கணக்கில் பாக்கி 14 ஷில்லிங் 7 பென்ஸ்; தயவுசெய்து செலுத்தவும் என்று கண்டிருந்தது. குடும்பங்கள் நஷ்டஈடு கேட்டபோது, அவர்கள் எங்கள் சிப்பந்திகள் அல்ல, பிரயாணிகள் என்றது கப்பல் கம்பெனி. ஏஜென்சியும் பொறுப்பேற்கவில்லை. கோர்ட்டிலும் குடும்பங்களுக்கு வெற்றி இல்லை. சக வித்வான்கள்தான் கை கொடுத்தார்கள். அந்த மே மாதம் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் சுமார் 500 வாத்தியக்காரர்கள் கூடி, எல்கர், ஹென்றி வுட் போன்ற பெரியவர்கள் நடத்த, குடும்பங்களுக்காகக் கச்சேரி செய்தார்கள்.

ஹார்ட்லியின் பிடில், தோல் பையில் அவர் உடம்போடு கட்டியிருந்த நிலையில் மீட்கப்பட்டு மரியாவிடம் போய்ச் சேர்ந்தது. அவள் கல்யாணம் செய்துகொள்ளாமலே 1939-ல் இறந்தாள். பிறகு கை மாறிக் கை மாறி ஒரு வீட்டுப் பரணில் கிடந்த பிடிலைப் பல வருஷம் சோதித்து, அதுதான் இது என்று முடிவு கட்டினார்கள். 2013 அக்டோபரில் ஏலம் போயிற்று. விலை 9 லட்சம் பவுன். வாசித்த கைக்கு மாதம் நாலு பவுன்!

இரண்டு கணக்குகளையும் வைத்துவிட்டேன். ஒன்று, இரண்டு ராத்தலுக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டு 12 ராத்தலை ஏற்றிக்கொண்ட கணக்கு. மற்றது, செத்தவனின் சட்டைப் பொத்தான் வரைக்கும் எண்ணி, அவன் சங்கீதத்தை எந்தப் பத்தியிலும் எழுதாத கணக்கு. இரண்டாவதுதான் நம் காலத்தில் அதிகம் புழங்குகிறது. பிள்ளைக்குப் பாட்டு வாத்தியார் வைக்கும் செலவு வீட்டு பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நெருங்கினால் பாட்டு வகுப்புத்தான் முதலில் காணாமல் போகிறது. கஷ்ட காலத்தில் முதலில் இறக்கி வைக்க வேண்டிய சுமை இதுதான் என்று எல்லோரும் தீர்மானமாக இருக்கிறோம். கஷ்ட காலத்தைக் கண்ணால் கண்ட மனிதர் அப்படி நினைக்கவில்லை.

ஆகையால், கப்பலுக்குப் பெட்டி கட்டுகிற வீட்டில் சபை கூடினால், என் ஓட்டு எதிர்க்கட்சிக்குத்தான். நல்ல உறையாகப் போட்டு எடுத்துப் போங்கள். அடுத்த அறைக்காரரிடம் நேரம் கேட்டுக்கொண்டு வாசியுங்கள்.

2022 மார்ச்சில் 'எண்டுரன்ஸ்' கப்பலை வெட்டல் கடலின் அடியில், 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். பின்புறத்தில் பெயர்கூட அழியாமல் அப்படியே இருக்கிறது. பாஞ்சோ அங்கே இல்லை. அது கிரீன்விச் கடல் மியூசியத்துக்குச் சொந்தமாகிவிட்டது. அதன் தோலில் கூட வந்த சகாக்களின் கையெழுத்துக்கள் இருக்கின்றன.