நிரல் மறுசீரமைப்பில் தரவுத்தள இணைப்பின் உடைமை

1. வரையறை

ஒரு நிரலின் வெளிப்பயன் மாறாமல் உள்ளமைப்பை மட்டும் திருத்துவதை மறுசீரமைப்பு என்கிறோம். நிரலுக்கும் தரவுத்தள வழங்கிக்கும் இடையே திறந்து மூடப்படும் தொடர்பு இணைப்பு. அது வெறும் வழியன்று. முடிவுறாத பரிவர்த்தனையும் பூட்டுகளும் அதற்கே உரியவை. இணைப்பைத் திறக்கவும் மூடவும் பொறுப்பேற்கும் பகுதியை உடைமையாளர் என்றும், பயன்படுத்த மட்டும் உரிமை பெற்றதை இரவலாளர் என்றும் கொள்வோம்.

2. மறைந்திருந்த விதி

பிஎச்பி மொழியின் பழைய மைஎஸ்க்யூஎல் நீட்சி, 2015இல் வெளிவந்த 7.0 பதிப்பில் நீக்கப்பட்டது. அதன் இணைப்புச் செயற்கூறை அதே வழங்கி, அதே பயனர்பெயர், அதே கடவுச்சொல்லுடன் மீண்டும் அழைத்தால், முன்பு திறந்த இணைப்பையே திருப்பித் தரும். பத்துக் கோப்புகளில் பத்து முறை எழுதியிருந்தாலும், ஓடும்போது இணைப்பு ஒன்றே. அதற்கு மாற்றாகக் கொள்ளப்படும் பிடிஓ நீட்சி அப்படியன்று. நிலையிணைப்பு கேட்காதவரை, புதிய பொருள் ஒவ்வொன்றும் புதிய இணைப்பு. வரிக்கு வரி மாற்றி எழுதுபவர் இந்த விதியை அறியாமலே அழித்துவிடுகிறார்.

3. பிறழ்வின் வகைகள்

முதல் வகை எண்ணிக்கை பற்றியது. மைஎஸ்க்யூஎல் இயல்பாக ஏற்கும் இணைப்புகள் 151. பக்கம் ஒன்று பத்து இணைப்புகளைப் பிடித்து வைத்தால், ஒரே நேரத்தில் பதினாறு பேர் வந்தாலே 1040 என்னும் பிழை எழும். இது உடனே கண்ணில் படும். ஆகவே இதைப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாம் வகையே கொடியது. ஆணையைச் சேமிக்கும் செயற்கூறு பரிவர்த்தனையைத் தொடங்கிச் சரக்கிருப்புப் பதிவைத் திருத்துகிறது. அது அழைக்கும் வேறொரு செயற்கூறு, தனக்கென ஓர் இணைப்பைத் திறந்து அதே பதிவைத் திருத்த முயல்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி அப்பதிவை முதல் இணைப்புக்காகப் பூட்டி வைத்திருக்கிறது. இரண்டாவது, இயல்பமைப்பில் 50 நொடி காத்திருந்து, 1205 என்னும் பிழையுடன் வீழ்கிறது. வழங்கி இதை முட்டுப்பூட்டு என்று கண்டுகொள்வதில்லை. அதன் பார்வையில் முதல் இணைப்பு எதற்கும் காத்திராமல் சும்மா இருக்கிறது. காத்திருப்பது நிரல், அது வழங்கிக்குத் தெரியாது.

4. படிநிலைகள்

நீட்சியை மாற்றுமுன் உடைமையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது நம் துணிபு. பழைய நீட்சி ஓடும்போதே, இணைப்பைத் திறக்கும் வரிகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு செயற்கூறும் இணைப்பை அளபுருவாகப் பெறட்டும். இரவலாளர் இணைப்பைத் திறக்கலாகாது. பரிவர்த்தனையை உறுதிசெய்யவோ பின்வாங்கவோ கூடாது. அதன் பின்னரே பிடிஓவுக்கு மாறலாம்; அப்போது இணைப்பைத் திறப்பதில் திருத்த வேண்டிய இடம் ஒன்றுதான்.

இரவலாளர் இணைப்பைத் தன்னிடம் சேமித்து வைப்பதும் ஆகாது. பிடிஓ இணைப்பு, அதைச் சுட்டும் கடைசிக் குறிப்பும் அகன்ற பிறகே மூடப்படும். வலைப்பக்கத்தில் வேண்டுகோள் முடிந்ததும் எல்லாம் கலைந்துவிடுவதால் இத்தவறு வெளித்தெரியாது. இணைப்பை இப்படிச் சேமித்து வைத்த வகுப்பை நெடுநேரம் ஓடும் பின்னணிப் பணிக்கு எடுத்துச் சென்றால், இயல்பமைப்பில் 28800 நொடி வேலையின்றிக் கிடந்த இணைப்பை வழங்கியே துண்டித்துவிடும். அடுத்த வினவல் செத்த இணைப்பின் மேல் ஓடும்.