முகமூடி தந்த மரியாதை



என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இத்தாலி நாட்டில், பாதுவா நகரில் மேற்படிப்புப் படித்து வருகிறாள். 1222ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. அவளுடைய தாயும் தந்தையும் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். ஒரு பிப்ரவரி மாதத்தில், பக்கத்து ஊரான வெனிஸில் நடக்கும் கார்னிவல் திருவிழாவை ஒரு நாள் பார்த்துவிட்டு வந்து, அவள் எனக்குக் கடிதம் எழுதினாள்.

"ஐயா, காலையில் ரயிலேறி அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். கடலின்மேல் கட்டிய பாலத்தில் ரயில் போகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே சாலை இல்லை, பெரிய வாய்க்கால்தான். காரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். ஒரு கடையில் வெள்ளை முகமூடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். உடனே முன்பின் தெரியாதவர்களெல்லாம் எனக்குத் தலைவணங்கினார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாலையில் கழற்றிவிட்டு ரயிலேறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் என் பக்கத்து இருக்கை வெகுநேரம் காலியாகவே இருந்தது. பகலில் கிடைத்த மரியாதை எனக்கா, முகமூடிக்கா?"

நேயர்களே, இந்தக் கேள்விக்கு வெனிஸ் நகரத்தின் வரலாறே விடை சொல்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வெனிஸ், உப்புநீர்க் கழியில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின்மேல் எழுந்த நகரம். சேற்றில் மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின்மேல் கல்லை அடுக்கி மாளிகைகளைக் கட்டினார்கள். உழுவதற்கு நிலம் இல்லாத அம்மக்கள் வணிகத்தால் வாழ்ந்தார்கள். நம் மலாக்கா வழியாக மேற்கே சென்ற கிராம்பும் ஜாதிக்காயும், இந்தியக் கரையின் மிளகும் எகிப்து வரை போய், அங்கிருந்து வெனிஸ் வணிகர்களின் கப்பல்களில் ஏறின. ஐரோப்பாவின் அடுப்படிகளுக்கு அவற்றை விற்றே அந்த நகரம் செல்வத்தில் கொழித்தது.

அங்கே மன்னர் பரம்பரை கிடையாது. அது ஒரு குடியரசு. 'டோஜ்' என்னும் தலைவரை வாழ்நாள் முழுவதற்கும் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியானால் எல்லாரும் சமம்தானே என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் பெருநாளுக்கு முன் நாற்பது நாள் தவக்காலம் காக்கிறார்கள். இறைச்சியை ஒதுக்கி நோன்பிருக்கும் அக்காலம் தொடங்குமுன் உண்டு களித்து ஆடிப்பாடுவதே கார்னிவல். நம் மலாக்காவில் போர்த்துக்கீசிய வழிவந்த மக்கள் தவக்காலத்துக்கு முன் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடும் 'இன்ட்ருடு' விழாவும் இதற்கு உறவுதான். வெனிஸில் இவ்விழாவைப் பற்றிய பேச்சு 1094ஆம் ஆண்டு ஏடு ஒன்றிலேயே வருகிறது. 1296இல், தவக்காலத்துக்கு முந்திய நாளைப் பொது விடுமுறையாக அரசு அறிவித்தது.

அடுத்த ஆண்டு, 1297இல் நடந்ததையும் கேளுங்கள். நகரத்தை ஆண்ட பெருமன்றத்தின் கதவு சாத்தப்பட்டது. குறிப்பிட்ட குடும்பங்களில் பிறந்தவர்களே அங்கே உட்காரலாம் என்று படிப்படியாக விதிகளை இறுக்கினார்கள். பிற்காலத்தில் அக்குடும்பத்துப் பிள்ளைகளின் பிறப்பைப் 'பொன்னேடு' என்ற பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். அதில் பெயர் இல்லாதவனுக்கு ஆட்சியில் பங்கில்லை. மக்களுக்கு விழாவைக் கொடுத்த கைகளே உரிமையின் கதவைச் சாத்தின.

விழாவில் முகமூடி வந்தது. பழைய காகிதத்தையும் பசையையும் அச்சில் ஒட்டிக் காயவைத்து, வெள்ளையடித்துச் செய்வார்கள். 1436இல் முகமூடி செய்யும் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டதிட்டம் ஏற்பட்டது. 'பாவுத்தா' என்பது மிகப் பெயர்பெற்ற வேடம். வெள்ளை முகமூடி, கறுப்புப் போர்வை, மூன்று மூலைத் தொப்பி ஆகியவை சேர்ந்தது அது. முகமூடியின் கீழ்ப்பகுதி முன்னே துருத்திக்கொண்டிருப்பதால், அதைக் கழற்றாமலே உண்ணலாம், குடிக்கலாம், குரலும் மாறிவிடும். உள்ளே இருப்பவர் பிரபுவா, மீன் விற்பவரா என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே ஆணோ பெண்ணோ, முதலாளியோ வேலைக்காரரோ, எல்லாரையும் "வணக்கம், முகமூடி அம்மா!" என்று ஒரே வார்த்தையால் வாழ்த்தினார்கள். 18ஆம் நூற்றாண்டில் டிசம்பர் 26இல் தொடங்கும் விழா தவக்காலம் வரை வாரக்கணக்கில் நீண்டது.

ஆனால் அந்தச் சமத்துவம் எதுவரை எட்டியது? யூத மக்களை 1516 முதல் 'கெட்டோ' என்ற ஒரே பகுதியில் குடிவைத்து, இரவில் அதன் வாயில்களைப் பூட்டினார்கள். விழா நடந்ததால் அந்தச் சட்டம் மாறிவிடவில்லை. 1638இல் அரசே திறந்த 'ரிடோட்டோ' என்னும் சூதாட்ட மாளிகைக்குள் யாரும் முகமூடியோடு நுழையலாம். ஆனால் சூது மேசையை நடத்தும் உரிமை பிரபுக்களிடம்தான் இருந்தது. பலருடைய சொத்தை விழுங்கிய அந்த மாளிகையை 1774இல் அரசே மூடியது. தவக்காலம் பிறந்ததும் முகமூடி பெட்டிக்குள் போகும். பொன்னேடு மட்டும் அப்படியே இருக்கும்.

1797இல் நெப்போலியனின் படை நெருங்கியது. மே 12ஆம் நாள் பெருமன்றம் கூடித் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட குடியரசு அன்றோடு முடிந்தது. சில வாரங்களில் புனித மார்க் சதுக்கத்தில் பொன்னேட்டைத் தீயிலிட்டார்கள். ஜூலையில் கெட்டோவின் வாயிற்கதவுகளைப் பெயர்த்துக் கொளுத்தினார்கள். நூற்றாண்டுக்கணக்கில் முகமூடி செய்யாததைச் சில வாரங்களில் சட்டம் செய்தது.

அதோடு எல்லாம் நன்றாய் முடிந்தது என்று சொல்வதற்கில்லை. அதே அக்டோபரில் நெப்போலியன் வெனிஸை ஆஸ்திரியாவிடம் கொடுத்துவிட்டார். நகர மக்களை யாரும் கேட்கவில்லை. பிறர் கையால் வந்த உரிமை பிறர் கையாலேயே போனது. தெருவெங்கும் முகமூடி உலவிய அந்தப் பழைய விழாவும் ஒடுங்கிப்போனது. நெடுங்காலம் கழித்து 1979இல்தான் அதற்கு மீண்டும் உயிர் வந்தது. என் மாணவி கண்டது அந்தப் புதிய விழாவைத்தான்.

நான் அவளுக்கு இப்படிப் பதில் எழுதினேன்: "அம்மா, உன் கேள்வி சரியான கேள்வி. அந்த மரியாதை முகமூடிக்குத்தான். நம் தோட்டத்துத் திருவிழாவில் கிராணியும் தொழிலாளியும் ஒரே வடத்தைப் பிடித்துத் தேர் இழுத்ததை உன் தாத்தா பார்த்திருப்பார். மறுநாள் காலைப் பெரட்டில் ஒருவர் பெயர் கூப்பிடுவார், மற்றவர் வரிசையில் நிற்பார். திருவிழா பொய்யல்ல. சமமாக நிற்பது எப்படி இருக்கும் என்று அது நமக்கு ஒரு நாள் காட்டுகிறது. அந்த ஒரு நாளை எல்லா நாளுமாக ஆக்குவது மனிதர்களின் வேலை. நீ படிக்கும் படிப்பு அதில் ஒரு பங்கு. முகமூடியைப் பத்திரமாக வைத்துக்கொள். ரயிலில் உன் சொந்த முகத்தோடு, நிமிர்ந்து உட்கார்."

நேயர்களே, அந்த முகமூடியை அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். இப்போது அது அவள் அம்மாவின் வீட்டுச் சுவரில், அவளுடைய பள்ளிச் சான்றிதழுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பார்க்க வரும் பிள்ளைகளிடம் அந்த அம்மா முதலில் காட்டுவது சான்றிதழைத்தான்.