வயலும் சதுப்பும்: கொழும்பின் உழவும் உயிர்ப்பல்வகைமையும்

வெள்ளவத்தையில் கடலில் விழும் கால்வாயும், கொட்டாஞ்சேனைப் பக்கமாகக் களனி கங்கையை நோக்கிப் போகும் சென் செபஸ்தியன் கால்வாயும் ஒரே தாழ்நிலத்தின் நீரை வடிக்கின்றன. அந்தத் தாழ்நிலத்தின் பெரும்பகுதி ஒருகாலத்தில் நெல்வயல். கொழும்பில் உயிர்ப்பல்வகைமை தேய்ந்ததற்கு விவசாயம் முழுவதையும் குற்றஞ்சாட்டுவது வழக்கமாகிவிட்டது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

முதல் பெரிய அடி கறுவாவால் விழுந்தது. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டுக் கறுவாவையே உரித்தெடுத்தனர். பட்டை வேண்டுமென்றால் காடு நிற்க வேண்டும். ஆகவே கறுவா மரத்தை வெட்டியவருக்குக் கடுந்தண்டனை இருந்தது, சேனைப் பயிர்ச்செய்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. குடிமக்களை வருத்திய காவல்தான் அது. ஆனால் பல மரங்கள் கலந்த காடு அதனால் தப்பியது. 1769இல் ஒல்லாந்த ஆளுநர் பால்க் காலத்தில் கொழும்பின் மருதானையில் கறுவாவைத் தோட்டமாகவே நடத் தொடங்கியதும் அந்தக் காவலுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. காடு அழிந்து ஒற்றைப் பயிர் நின்றது. பின்னாளில் அதுவும் போய் மாளிகைகள் எழுந்தன.

இரண்டாவது அடி நீரின் மேல் விழுந்தது. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலயில் கோட்டை இராசதானிக் காலத்தில் நெல் விளைந்தது. அங்கே ஏறிய உவர்நீரை வடிப்பதற்கென்று 1802இல் பிரித்தானியர் தொடங்கிய ஹமில்டன் கால்வாய் 1804இல் முடிந்தது. விளைவு எதிர்மாறானது. வற்றுப்பெருக்கோடு கடல்நீர் கால்வாய் வழியே உள்ளே வந்தது, வயல்கள் கைவிடப்பட்டன.

நெல்வயலை வெறும் பயிர்நிலமாகப் பார்ப்பது பெரிய தவறு. சன்ன பம்பரதெனியவும் சக ஆய்வாளர்களும் குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொட வயல்களில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, 494 வகை முதுகெலும்பிலிகளையும் 103 வகை முதுகெலும்பிகளையும் பதிவுசெய்தது. கொழும்புக்குப் பக்கத்திலேயே தலங்கமவில் இதைக் கண்ணால் காணலாம். குளத்து நீர் பாய்ந்து உழவு நடக்கும்போது, புரண்ட சேற்றில் கிளம்பும் பூச்சிகளைப் பொறுக்கக் கொக்குகள் பின்னாலேயே வரும். நாற்று வேர்பிடிக்கும் வேளையில் வரம்போரத்துத் தண்ணீரில் தலைப்பிரட்டைகள் மொய்த்திருக்கும். வயல் காயும் மாதங்களில் இந்த உயிர்கள் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் ஒதுங்குகின்றன. அதனால் குளம், வாய்க்கால், வயல் மூன்றையும் சேர்த்தே காக்க வேண்டும். பூச்சிகொல்லி தெளித்தால் முதலில் மடிவது பயிர்ப்பூச்சியைத் தின்னும் சிலந்தியும் தும்பியும்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

இருபதாம் நூற்றாண்டில் நகரம் பெருக, கொழும்பைச் சுற்றிய உழவு நின்றது. தரிசான வயல்கள் சதுப்பாயின. அதில் நன்மையும் உண்டு: மீன்பிடிப் பூனை இன்றும் இந்நகரில் வாழ்வது அந்தச் சதுப்புகளால்தான். ஆனால் அனோனா கிளாப்ரா என்னும் அயல்நாட்டுச் சீத்தா மரமும் அங்கே அடர்ந்தது. ஆகாயத்தாமரையோ 1909இலேயே தனிச்சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்குத் தொல்லையாகியிருந்தது. எல்லாவற்றையும் விடக் கேடு, தரிசு நிலத்தைப் 'பயனற்றது' என்று மண்போட்டு நிரப்பியது. 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்த தியவன்னா வாவி பெருகி அதற்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. தாழ்நிலத்தை இழந்த நீர் வேறெங்கே போகும்?

காப்பு முயற்சிகள் இல்லாமலில்லை. 1996இல் முத்துராஜவெலயின் ஒரு பகுதி சரணாலயமானது. 2007இல் தலங்கம குளம் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமானது. 2018இல் கொழும்பு, ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகராக ஏற்கப்பட்டது. நெல்வயலை அனுமதியின்றி நிரப்புவதை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கிறது.

இவற்றில் எதுவும் உழவரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் மனக்குறை. மழைநீரைத் தேக்கி வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் காக்கும் வயலுக்கு, விளையும் நெல்லின் விலை மட்டும் போதாது. எஞ்சியிருக்கும் வயல்களில் நஞ்சின்றி உழுபவருக்கு மாநகரம் அதன் வரிப்பணத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கட்டும்.