சிம்லா ஆபீஸிலிருந்து கிளம்பிய டப்பா

புனே சிவாஜிநகரில் ஆட்டோக்காரரிடம் "சிம்லா ஆபீஸ்" என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். சிம்லா எங்கே, புனே எங்கே? மலைமேல் இருந்த வானிலைத் துறைத் தலைமையகம் 1928இல் இந்த ஊருக்கு இறங்கி வந்தது. 1944இல் தில்லிக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் கட்டடத்தோடு தங்கிவிட்டது.

மார்ச் 23 உலக வானிலை நாள். அன்று பொதுமக்களை உள்ளே விடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ராஸ்தா பேட்டிலிருந்து அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மழைமானி, காற்றுமானி என்று மேசை மேசையாக வைத்திருந்தார்கள். ஓரத்து மேசையில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் டப்பா, மூடி திறந்தபடி. உள்ளே ஒரு குட்டி பம்பு, மெல்லிய குழாய், விரல் பருமனில் ஒரு குப்பி, பேட்டரி. பக்கத்தில் நின்றவர் சுவரில் தொங்கிய வளைகோட்டுப் படத்தைக் குச்சியால் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துகொண்டே இருந்தது.

அந்த டப்பாவின் பெயர் ஓசோன் சோண்டு. அதன் இந்திய வடிவம் பிறந்த ஊர் இதுதான்.

அதன் கதையை அன்னா மணியிடமிருந்து தொடங்க வேண்டும். திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர். சென்னையில் படித்து, பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் மேல் ஒளி பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருடைய ஆய்வேட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் படித்துவிட்டு 1948இல் புனே வந்து சேர்ந்தார். அதுவரை நமக்கு வெப்பமானிகூடக் கப்பலில் வந்தாக வேண்டிய நிலை. சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு இங்கேயே செய்ய வழிசெய்தார். அறுபதுகளில் ஓசோன் பக்கம் திரும்பினார். இந்த டப்பாவுக்கு வடிவம் கொடுத்தவர் துறையில் இருந்த சி. ஆர். ஸ்ரீதரன், அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1968இல் ஓர் ஆங்கில ஆய்விதழில் வெளிவந்தது.

டப்பா செய்கிற வேலை எளிமையானது. குப்பியில் பொட்டாசியம் அயோடைடு கரைசல் இருக்கும். பம்பு வெளிக்காற்றை இழுத்து அதற்குள் குமிழ் குமிழாக விடும். காற்றில் ஓசோன் இருந்தால் கரைசலில் அயோடின் பிரியும். முழங்காலில் அடிபட்டால் பள்ளிக்கூடத்தில் தடவிவிடுவார்களே, அந்த டிங்சரில் இருக்கிற அதே அயோடின். பிரிந்த அயோடினால் இரண்டு கம்பிகளுக்கிடையே துளியூண்டு மின்னோட்டம் ஓடும். ஓசோன் கூடினால் அதுவும் கூடும். அந்த எண்ணை ரேடியோ கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். கரைசல் உறைந்துவிடாமல் இருக்கத்தான் தெர்மோகோல். பலூனில் கட்டிவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறும். முப்பது கிலோமீட்டரை நெருங்கும்போது பலூன் ஊதிப் பெருத்து வெடிக்கும். அத்தோடு டப்பாவின் ஏற்றம் முடிந்தது. சுமார் ஒன்றரை மணி நேரம்.

புனே, திருவனந்தபுரம், தில்லி வானங்களில் பறந்து பழகிய பிறகு அது தெற்கே போயிற்று. 1981 டிசம்பர் 6ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, 1982 ஜனவரி 9ஆம் தேதி 21 பேர் அண்டார்க்டிகாவில் இறங்கினார்களே, எஸ். இசட். காசிம் தலைமையில், அந்த முதல் பயணத்திலிருந்தே வானிலைத் துறைக்காரர்கள் குழுவில் உண்டு. முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரியைப் பனி மூடிவிட்டது. அடுத்து வந்த மைத்ரி பாறைமேல் நின்றது. அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்கினால்தான் செப்டம்பர், அக்டோபர் வானத்தைப் பிடிக்க முடியும். ஓசோன் கரைகிற மாதங்கள் அவை. மேலே மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே போகும். 1992இல் மைத்ரியின் தலைக்கு மேல் ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு குறைந்தது என்பதை இந்த டப்பாக்கள்தான் ஏறிப் பார்த்துச் சொல்லின.

சொன்ன எண்கள் எங்கே போயின? வானிலைத் துறையின் 'மௌசம்' ஆய்விதழுக்கு. அட்டவணையும் ஆங்கிலமுமாக. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை, அறிவியல் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். அங்கேயே நின்றுவிடுவதுதான் சங்கடம்.

எண் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானியர் ஷிகெரு சுபாச்சியைச் சொல்லலாம். 1982இல் அண்டார்க்டிகாவின் ஷோவா நிலையத்தில் குளிர்காலம் கழித்தவர். வசந்தத்தில் ஓசோன் தாறுமாறாகச் சரிவதைப் பார்த்தார். 1984இல் கிரீஸில் நடந்த ஓசோன் மாநாட்டில் ஒரு சுவரொட்டியாக அதை வைத்தார். வந்தவர்கள் பார்த்தார்கள், நகர்ந்தார்கள், நம் தெர்மோகோல் மேசையை விட்டு நகர்ந்த மாதிரியே. அடுத்த ஆண்டு மே மாதம் பிரிட்டனின் ஃபார்மனும் இரண்டு சகாக்களும் அதே கண்டத்து ஹாலி நிலையத்தின் ஓசோன் கணக்கை 'நேச்சர்' இதழில் போட்டார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கட்டுரையிலும் 'ஓட்டை' என்ற சொல் கிடையாது. பிறகு பத்திரிகைகள் பிடித்துக்கொண்ட சொல் அது. உண்மையில் ஓட்டை எதுவும் இல்லை, படலம் மெலிகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஒரு சொல்லும் செயற்கைக்கோள் எடுத்த ஒரு படமும் வீடுவரைக்கும் வந்தன. ஓசோனைக் கரைக்கும் சி.எஃப்.சி. வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் 'சி.எஃப்.சி. இல்லாதது' என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்தது அதற்குப் பிறகுதான்.

எளிமைப்படுத்தினால் அறிவியல் நீர்த்துப்போகும் என்று பயப்படுகிற விஞ்ஞானிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு சுதீப்தா சென்குப்தாவைக் காட்ட ஆசை. 1983-84இல் அண்டார்க்டிகா போன முதல் இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். (இன்னொருவர் அதிதி பந்த், புனே பல்கலைக்கழகத்தில் படித்தவர்.) பாறைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளையும் எழுதினார்; வங்காளத்தில், ஊர் சனம் படிக்க, 'அண்டார்க்டிகா' என்று ஒரு புத்தகமும் எழுதினார். அது விற்றுத் தீர்ந்ததால் அவருடைய நிலவியல் ஒரு குன்றிமணி எடைகூடக் குறையவில்லை. 1991இல் பட்நாகர் விருதே வந்தது.

சரி, டப்பாவுக்கு வருகிறேன்.

அக்கா பையன் மேசையை விட்டு நகரவில்லை. குச்சிக்காரர் வளைகோட்டை முடித்து மூச்சு வாங்கிய நேரம் பார்த்துக் கேட்டான்: "காகா, இது கடைசியில எங்க போய் விழும்?"

அவர் குச்சியைக் கீழே வைத்தார். மைத்ரியில் ஒரு குளிர்காலம் இருந்தவராம். மராத்தியும் இந்தியும் கலந்து சொல்ல ஆரம்பித்தார். பனியில் எங்கேயோ விழும், தேடிக்கொண்டு யாரும் போவதில்லை. பலூனில் நூல் கட்டக் கையுறையைக் கழற்றியாக வேண்டும். முடிச்சு விழுவதற்குள் விரல் மரத்துவிடும். ஒருவர் பலூனைப் பிடிக்க, ஒருவர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு காற்று போகிற பக்கமே ஓட வேண்டும். விட்டதும் அதைவிட வேகமாக அறைக்கு ஓடிவந்து ரேடியோ முன் உட்கார வேண்டும். வெடித்த பிறகும் விழுந்துகொண்டே பேசும். பிறகு ஒரு நொடியில் சத்தம் நின்றுவிடும். நின்றதும் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேச மாட்டோம் என்றார்.

நகர்ந்துகொண்டிருந்த கூட்டம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பின்னால் ஓர் அம்மாள், கையில் காய்கறிப் பையோடு, எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அப்புறம்?"

"அப்புறம் என்ன தாயி, டீ போட்டுக் குடிச்சோம்" என்றார் அவர்.